காலிக் குழியும் எண்ணியது

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் தொம்மலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். என் பொறுப்பு கதிர்வீச்சை எண்ணும் காமா கவுண்டர் கருவி. ரத்தத்தில் மஞ்சள் காமாலை வைரஸ் இருந்தால், நாங்கள் சேர்க்கும் கதிர்வீச்சு மருந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். குழாயை ஈயக் குழியில் இறக்கினால் ஒரு நிமிடம் சிவப்பு எண்கள் ஓடும். எண் எகிறினால் வைரஸ் உண்டு. குதிரைப் பந்தயம் தோற்றுப்போகும், அப்படி ஒரு படபடப்பு.

அன்று வரிசையில் என் அக்காவின் குழாயும் இருந்தது. தன் கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்க அவளுக்கு எல்லாம் பொருந்திவிட்டது, பாக்கி இந்த ஒரு சோதனைதான். காலையில் எண்ணிய குழாய்களெல்லாம் ஒழுங்காக வந்தன. மதியம் கடைக்கு ஓடிப்போய் வந்து, பையைக் குழி ஓரமாக வைத்துவிட்டு அக்காவின் குழாயை இறக்கினேன்.

எண் எகிறியது. மறுபடி எண்ணினேன், அதே கதை. எரிச்சலில் குழாயை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். குழி காலி. எண்கள் மட்டும் நிற்காமல் ஓடின.

காலிக் குழிக்கு எங்கிருந்து வரும் வைரஸ்? பக்கத்து மேசைக் கன்னடக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏம்மா, அந்தப் பையில என்ன இருக்கு?"

"பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில், ஒரு டஜன். எங்க ஈஜிபுராவுல தினம் கரண்ட் போகுதே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அதுல தோரியம் இருக்கும்மா. அதுவும் கதிர் வீசும். மடியில பூனையக் கட்டிக்கிட்டு சகுனம் பாக்குறீங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினேன், காவலாளியிடம் கொடுத்தேன், மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். காலிக் குழி அடங்கியிருந்தது. அக்காவின் குழாயை இறக்கினேன். எண்கள் சோம்பேறித்தனமாக நகர்ந்து, வைரஸ் இல்லாத குழாய்களின் அளவிலேயே நின்றன. சந்தோஷத்தில் மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன்.

மேலதிகாரி கையெழுத்துப் போட்டதும் அக்காவுக்குப் போன் செய்தேன். மேண்டில், தோரியம், எண் என்று என்னென்னவோ உளறினேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும்டி. இருக்கா, இல்லையா?"

"இல்லக்கா."

ரிசீவரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அப்புறம் தூரத்தில் அவள் குரல்.

"ஏங்க, எழுந்திருங்க. என்னோடது உங்களுக்கு ஆகுமாம்."