பழைய உளவாளி எங்கே?

பேரை மாற்றாமல் ஆளை மாற்றிப் படம் எடுக்கிறவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் எட்டு வயதில், பருத்தித்துறையில் தொடங்கியது.

போரின் கடைசி மாதங்களில் அப்பா வன்னியில் காணாமல் போனார். இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எவரும் இல்லை. சில வருடங்கள் கழித்து அம்மா மறுமணம் செய்துகொண்டார். வந்தவரைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் ஒன்றும் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினேன்.

சித்தப்பா யாழ்ப்பாணம் போகிற பஸ் ஓட்டுபவர். எனக்கு உளவாளிப் படம் பிடிக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு தோறும் தமிழில் குரல் கொடுத்த பழைய இங்கிலிஷ் படம் ஒன்றும் றோல்ஸ் பார்சலும் கொண்டுவருவார். படத்தைப் பார்ப்பேன், றோல்ஸைச் சாப்பிடுவேன், அவரோடு மட்டும் கதைக்கமாட்டேன்.

முதல் இரண்டு படங்களிலும் உளவாளி நெற்றி ஏறிய, மெதுவாகச் சிரிக்கிற மனிதர். மூன்றாவதில் அவரைக் காணோம். எவனோ ஒரு பால்மூஞ்சி அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு அவருடைய காரில் ஏறினான். இவன் எதிரி, வேஷம் போட்டு வந்திருக்கிறான், உண்மையான ஆள் வந்து பிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். பாதிப் படம் போயிற்று. மேலதிகாரி பழையவரை ஏசியது போலவே இவனையும் ஏசினார். தட்டச்சு செய்கிற பெண் அதே சிரிப்பைச் சிரித்தாள். கூட வேலை செய்த மனிதர் எங்கே என்று கேட்க அந்தக் கந்தோரில் ஒருவருக்கும் வாயில்லையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் இருந்த பெரியம்மா, காயம் பட்டு ஆஸ்பத்திரியில் முகத்தை மாற்றியிருப்பார்கள் என்று விளக்கம் சொன்னார். முகத்தை மாற்றினால் உயரமும் கூடுமா? விசயம் தெரியாவிட்டால் இந்தப் பெரியவர்களுக்குச் சும்மா இருக்கவும் தெரியாது.

கடைசியில் பொறுக்க முடியாமல் சித்தப்பாவிடமே கேட்டேன். நானாக அவரிடம் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"பழைய ஆள் செத்திட்டாரோ?"

அவர் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். "அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை."

"அப்ப அவர் திரும்பி வந்தா உவர், உந்தப் புது ஆள், என்ன செய்வார்?"

அம்மா தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றார். பெரியம்மா என்னை அதட்ட வாயெடுத்தார். சித்தப்பா கையைக் காட்டி மறித்துவிட்டு, கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வந்தா, உவர் எழும்பிப் போயிடுவார்," என்றார்.

அதுதானே நியாயம். இதைச் சொல்ல ஒரு மனிதருக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு அலுப்பாக இருந்தது. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்.

எங்கள் முன்னால் சித்தப்பாவின் பக்கத்தில் ஒருநாளும் இருந்தறியாத அம்மா, அன்று தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவரை ஒட்டி இருந்தார். திரையில் கார்கள் மோதி வெடித்துக்கொண்டிருந்தன. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அடிதடிப் படம் பார்த்து எவராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.