குத்துப்பட்ட பிஞ்சுகள்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது? பால்காரர் தளும்பத் தளும்ப அளந்து ஊற்றினாலும் ஒருதரம் எட்டிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போன பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. ஒண்டியாக இருப்பவளை ஊரே ஏமாற்றப் பார்க்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கென்று இருந்தது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருந்த மூங்கில் படலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. சாயங்காலமானால் அந்த வழியாக வருவாள், கூப்பிடாமலே. அவள் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது. அவள் புருஷனும் வெளிநாடு போகக் கிளம்பியவர்தான். பம்பாயில் ஏஜெண்ட் கையை விரித்துவிட, இரண்டே மாதத்தில் திரும்பி வந்து வயல்வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவளுக்கு என்மேல் உள்ளுக்குள் ஒரு புகைச்சல் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். ஒருநாளும் அவள் அப்படிக் காட்டிக்கொண்டதில்லை. காட்டிக்கொள்ளாததுதான் எனக்கு உறுத்தியது.

ஆடியில் கிணற்றடியில் பாகல் விதை ஊன்றினேன். ஐப்பசியில் லீவில் வருவதாக வீட்டுக்காரர் எழுதியிருந்தார். நம் கொல்லையில் காய்த்த பாகற்காயில் புளிக்குழம்பு வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. கொடி பந்தலேறி, முதல் பிஞ்சுகள் விட்ட அன்று அவள் வந்தாள். "எவ்வளவு பிஞ்சுக்கா" என்று சுட்டுவிரலை நீட்டிக் காட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பிஞ்சை அப்படிக் காட்டமாட்டோம், அழுகிவிடும் என்பார்கள். காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கிக்கொண்டு காட்டுவோம். அவளுக்கும் தெரியும், சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

நாலாம் நாள் மூன்று பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. நீ விரலை நீட்டியதன் பலன் பார் என்று அவளிடம் நேராகவே சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரியாமல் போயிருக்காது. அதற்குப் பிறகு பந்தலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதும் பந்தலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

பிறகுதான் பிஞ்சுகள் காணாமல் போகத் தொடங்கின. உதிர்ந்தால் தரையில் கிடக்க வேண்டுமே, கிடக்கவில்லை. அணிலென்றால் கடித்துப் போட்டிருக்கும். தினமும் எண்ணி வைத்தேன். அடுத்தவர் எண்ணினால்தான் கண்ணேறு, சொந்தக்காரி எண்ணலாம் என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயில் பூசைக்குப் போய்வரும் நேரத்தில்தான் நிறையக் குறைந்தது. மற்ற காய்கள் பச்சைப்பசேலென்று திரண்டு தொங்கின என்பதும் உண்மைதான். இருப்பதை விட்டுவிட்டுப் போனதையே தேடுகிற கண் என்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டேன். கொல்லைக்கதவைத் திறந்தால், அவள் என் பந்தலுக்கடியில் நின்று பிஞ்சுகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் படல் வழியாகப் போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கே ஆள் வைத்துக் கருவமுள் வெட்டிவந்து அந்த வழியை அடைத்தேன். அந்தப் பக்கம் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

அடைத்த பிறகு ஒரு பிஞ்சுகூடக் காணாமல் போகவில்லை. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று இருந்தேன். புரட்டாசியில் மழையும் புழுக்கமும் மாறி மாறி வந்தன. காய்கள் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு, பிசின் வடிந்து, முற்றும் முன்பே பழுத்தன. வீட்டுக்காரர் வந்த மறுநாள், பார்வைக்கு நன்றாக இருந்த ஏழெட்டுக் காய்களைப் பறித்து அரிந்தேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அடுத்த காயிலும் அதே. எல்லாவற்றிலும் அதே. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ரசம் போதும் என்றார்.

முறத்தோடு கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டப் போனபோது, படலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. வழியை அடைத்த பிறகு அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அங்க கொட்டாதீங்கக்கா. வெந்நீர்ல போட்டுட்டு அப்புறம் கொட்டுங்க. இல்லாட்டி புழு மண்ணுக்குள்ள போயி திரும்ப ஈயா வந்துரும்."

அவள் அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம் சந்தைக்குப் பாகல் போட்டவராம். ஈ குத்தி முட்டையிட்ட பிஞ்சுகளை அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் மற்றவை தப்பித்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே பழகியவளாம். இத்தனை வருஷம் பேசியும் இதை நான் கேட்டதில்லை.

"அப்ப நீ மடியில எடுத்துட்டுப் போனது?"

"குத்துப்பட்டதை மட்டுந்தான்க்கா" என்றாள். "சொல்லலாம்னுதான் நெனைச்சேன். ஈ குத்தியிருக்குன்னு என் வாயால சொன்னா, என் கண்ணுதான்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே முள்ளை என் கையாலேயே இழுத்துப் போட்டேன். கையெல்லாம் கீறல். மறுநாள் அவள் வந்தாள். தெருவைச் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக, கதவைத் தட்டி, "வரலாமாக்கா" என்று கேட்டுவிட்டு வந்தாள். இப்போதும் அப்படித்தான் வருகிறாள்.