தொட்டி நிறைந்திருந்த நாள்

இரும்புலியூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறைச் சுவர் வருடக்கணக்காகக் கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டை விற்பதென்று அவர் முடிவெடுத்ததும் புரோக்கர் ஓர் ஆளை அனுப்பினார். குழாய், கரண்ட், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. வந்தார், உடைத்தார், பூசினார். கசிவு நின்றது. இத்தனை சுலபமா என்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

மகளுக்குப் பிளஸ் டூ. பரீட்சை முடியும்வரை இங்கே இருக்க விட்டால் போதும். வாங்குகிறவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் வாங்காமலே போக வேண்டும். இரண்டும் என் கையில் இல்லை.

வாங்குகிறவர்கள் வீடு பார்க்க வரும் நாளில் குழாயெல்லாம் சீறி வர வேண்டுமாம். காலையிலிருந்து தண்ணீரைத் தொடாதீர்கள் என்று புரோக்கர் போனில் சொல்லிவிட்டார். சிங்க்கில் எச்சில் பாத்திரங்கள் காய்ந்தன. பக்கத்து வீட்டு வாளித் தண்ணீரில் மகள் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். தலைக்கு மேல் நிறைந்த தொட்டி. கீழே நாங்கள், வறண்டு.

அன்றும் வந்து கடைசிக் குழாயை முறுக்கிக்கொண்டிருந்த அந்த ரிப்பேர் ஆள் குரலைத் தாழ்த்தினார். "சார், பாப்பாவுக்குப் பரீட்சைன்னு அக்கா சொன்னாங்க. ஒரு ஜாயிண்ட்ட லூசா வுட்டுடட்டா? சொட்டிக்கினு இருந்தா அவுங்க போயிடுவாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "வேணாம்ண்ணா. ஒழுகினா நாங்கதான் தொடைக்கணும். உங்களுக்கும் அப்புறம் வேலை வராது."

அவர் சிரித்துவிட்டு இன்னொரு சுற்று இறுக்கினார்.

வாங்குகிறவர்கள் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். திறந்த குழாயெல்லாம் கொட்டியது, அடைமழை மாதிரி. வீடு பிடித்துவிட்டது. பரீட்சையைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா முழுதும் கேட்டார். தாங்கள் இருப்பதும் வாடகை வீடுதான், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றார். அவர் கண்ணிலும் என் கண்ணில் இருந்ததே இருந்தது. அதற்குமேல் எதைக் கேட்பது?

"சார் காலி பண்ணிடுவாரு," என்றார் அவர்களுடன் வந்திருந்த புரோக்கர்.

மகளின் அறையில் அவர்களுக்கு அலமாரி அடிக்க வேண்டுமாம். அந்த ஆள் என் முகத்தைப் பார்க்காமல் அளவு டேப்பை உருவினார். சுவரின் நீளம் ஒருவருக்கு எட்டவில்லை. முனையை என் பக்கம் நீட்டினார். மகள் ஒட்டிவைத்திருந்த பரீட்சை அட்டவணையின்மேல் படாமல், அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.