அணைக்காத மைக்

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த புதிதில், வாழவந்தி நாடு ஊராட்சியின் குறைகேட்புக் கூட்டத்தில் மைக் பொறுப்பு எனக்கு.

ஆம்புலன்ஸ் வர ரோடு கேட்டு, மிளகு விவசாயி அம்மா ஒருவர் எழுந்தார். பேசத் தொடங்கியதும் வயர்லெஸ் மைக் கரகரத்து அடங்கியது. காரணம் எனக்குத் தெரியும். மேடையில் அதிகாரி கையிலிருந்த மைக்கும் அதே சேனல், அவர் அணைக்கவில்லை. அவரிடம் சொல்லப் பயந்து, நல்ல பேட்டரியையே இரண்டு முறை மாற்றினேன். பிறகு, "மைக்கை ஒழுங்கா புடிங்கம்மா" என்று அந்த அம்மாவையே கடிந்துகொண்டேன். கூட்டம் சிரித்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க சார், உங்க மைக்கை அணைங்க. ரெண்டும் ஓடுனா ஒண்ணுதான் பேசுமுங்க. எங்க கோயில் விசேசத்துலயும் இதே தொல்லைதானுங்க."

"அடடா, சாரிம்மா" என்று அதிகாரி உடனே அணைத்தார்.

அந்த அம்மா நிறுத்தாமல் பேசி முடித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத்தான் இன்றுவரை வாய் வரவில்லை.