அதட்டல் நின்றுபோன மாஸ்டர்

பெரிய சிஸ்டருக்கு முட்டி தேய்ந்து வெகுநாளாயிற்று. பிரசவ வார்டில் வேலையைத் தொடங்கியவர், இப்போது சாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்குப் பொறுப்பு. "வர்ற வாசல்ல நின்னாலும் போற வாசல்ல நின்னாலும் கால்வலி ஒண்ணுதான்" என்று சிரிப்பார். வேலையை விட்டுத் தொலை என்று மகள் உயிரை வாங்குகிறாள். விடலாம்தான். வீட்டில் உட்கார்ந்து முட்டியையே நினைத்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை.

அங்கே பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்கள். காலையில் கட்டில் கட்டிலாகப் போய், "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். சொல்லும் பதிலுக்கேற்ப மருந்து கூடும், குறையும். அங்கேதான் ஞாபகம் அடியோடு அழிந்துபோன டிரில் மாஸ்டர் வந்து படுத்தார். கட்டின மனைவியைத் தெரியவில்லை. பள்ளிக்கூட அதிகாரம் மட்டும் போகவில்லை. "வரிசையா நில்லுடா!" என்று டாக்டரையே அதட்டுவார். பக்கத்துக் கட்டில்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். மனைவிக்கு விழுந்த திட்டுக்குக் கணக்கே இல்லை.

ஒருநாள் அந்தக் கூப்பாடு நின்றது. எல்லாரும் அப்பாடா என்றார்கள். "மாஸ்டர் நல்ல பிள்ளையாயிட்டார்" என்று கன்னத்தைத் தட்டியவரே பெரிய சிஸ்டர்தான். வலி இருக்கா என்று கேட்டார்கள்; பதில் இல்லை. பதில் இல்லை என்றால் வலியும் இல்லை என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

அப்புறம் சாப்பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் இப்படித்தான் ஆகும், வற்புறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். அது பலருக்கு உண்மைதான். மனைவி சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பத் தொடங்கினார்.

சாயங்காலம் சிஸ்டர் ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தபோது மாஸ்டர் மூச்சைப் பிடித்தார். கை கட்டில் கம்பியை இறுக்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. சிஸ்டர் துணியை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, முன்னெல்லாம் இவருக்கு வலிச்சா என்ன பண்ணுவார்?"

"ஒண்ணும் பண்ண மாட்டார் சிஸ்டர். கை ஒடிஞ்சப்பகூட எங்கிட்ட மூச்சு விடலை. திட்டு நின்னாத்தான் எனக்கே தெரியும், ஏதோ..." மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நானும் நிம்மதின்னு இருந்துட்டேனே."

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல் உடைந்து, ஈறு சீழ் வைத்து வீங்கியிருந்தது. அடக்கடவுளே, இத்தனை நாளும் இதோடவா படுத்திருந்தார்? சிஸ்டருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. டாக்டர் அப்போதே வலிக்கு ஊசி போட்டார், சீழுக்கும் மருந்து கொடுத்தார்.

வந்த நோயை யாரும் திருப்பிவிடவில்லை. ஆனால் ஒரு காலையில், ஸ்பூனை நீட்டிய மனைவியைப் பார்த்து, "யாரும்மா நீ? மணி அடிச்சாச்சு, கிளாசுக்குப் போ!" என்று மாஸ்டர் அதட்டினார். "திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊட்டினார். அதன்பின் கொஞ்ச நாள்தான் இருந்தார். அந்தக் கொஞ்ச நாளும் பக்கத்துக் கட்டில்காரருக்குப் பஞ்சு தேவைப்பட்டது.

இப்போது இப்படி ஞாபகம் போனவர் யார் வந்தாலும், கூட வந்தவர்களைச் சிஸ்டர் முதலில் கேட்பது, வலித்தால் இவர் என்ன பண்ணுவார் என்றுதான். வலித்தால் சிலர் பாடுவார்களாம். ஒருவர் விடாமல் செருப்பைத் தேடுவாராம்.

மாஸ்டர் இறந்த அன்று சிஸ்டர் வீட்டுக்கு வந்து காலை நீட்டினார். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முட்டியைக் காயலான் கடைக்காரன்கூட வாங்க மாட்டான்டி."

மகள் சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. நாளைக்கு எனக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னா, யாராவது உன்னைக் கேட்டா சொல்லணும். வலிச்சா எங்கம்மா ஜோக் அடிப்பாங்கன்னு."

மகள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷமாவாம்மா?"