மாம்பழப் படம் போட்ட டின்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அந்தச் சேலத்துத் தம்பியின் நினைவு வந்துவிடும். ஒரே கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்தோம். மேற்பார்வையாளர் தேர்வில் ஒருமுறை பாதியில் தூங்கிக் கோட்டைவிட்டவன் அவன். கம்பெனி கடைசியாக இன்னொரு வாய்ப்பு தந்தது. அதுவும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, பிரியாணிக்குப் பிறகு!

எனக்குத்தான் பயம். தேர்வு மையத்து வாசலில் மாம்பழச் சுவை எனர்ஜி டிரிங்க் ஒன்றை வாங்கி நீட்டினேன். ஒரு மிடறு குடித்ததும் அவன் முகம் கோணிவிட்டது.

“அண்ணே, மாம்பழம் வெளிய படத்துல மட்டும்தான் இருக்கு. உள்ள இருமல் மருந்து. எங்க ஊர் மாமரம் பாத்தா அழுதுடும்.”

“ருசிக்கா வாங்குனேன்? தூக்கம் வராம இருக்கத்தான் லா. மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடி.”

“நீங்களே குடிங்க,” என்று டின்னை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

வீணாக்க மனமில்லாமல் நானே குடித்தேன். ருசி அவன் சொன்ன மாதிரியேதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்தது, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

“தூங்கலியே?”

“எங்கண்ணே தூங்குறது? கண்ணு சொக்குறப்பல்லாம் பாத்தா, கண்ணாடிக் கதவுக்கு வெளிய நீங்க பேய் புடிச்ச மாதிரி நடந்துகிட்டே இருக்கீங்க!”

தேறிவிட்டான். அந்த டின் வேலை செய்யும் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் அடித்துச் சொல்கிறேன்.