கூடாரத்துக்குள் சனி

அருங்காட்சியகத்துக்கு வர முடியாத பள்ளிகளுக்கு நாங்களே வானத்தை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறோம். மடித்து வைத்த கறுப்புக் கூடாரம், அதை ஊதி நிமிர்த்த ஒரு காற்று இயந்திரம், நடுவில் வைக்க ஒரு புரொஜெக்டர், அவ்வளவுதான். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். இருட்டில் கிரகங்களைக் காட்டிப் பேசுவது என் வேலை. தமிழ்ப்பள்ளி என்றால் தமிழில் பேசுவேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

அம்மாவும் தம்பியும் கெமாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார்கள். தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்ததும், ஏழரைச் சனி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா சனிக்கிழமை தவறாமல் தோட்டத்துக் கோயிலில் எள் விளக்கு ஏற்றிவந்தார். வேலைக்காக நீலாயில் இருந்துகொண்டு நான் போனில் கிண்டல் செய்வேன். அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கிண்டலைக் காட்சியிலும் சேர்த்துக்கொண்டேன்.

வளையத்தோடு சனி கிரகம் தலைக்கு மேல் வந்ததும் ஆரம்பிப்பேன். "இதுதான் சனி. முக்காவாசி வெறும் வாயு. ஒரு தோட்டத்துல ஒரு அம்மா, மகன் மோட்டார்ல விழுந்ததுக்கு இவருதான் காரணம்னு வாராவாரம் எண்ணெய் ஊத்துறாங்க. இவருக்கு அந்தப் பையன் யாருன்னே தெரியாதுலா. ரோட்டுல இருந்த குழிக்குத்தான் தெரியும்!" எங்கே சொன்னாலும் சிரிப்பு நிச்சயம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

அம்மாவின் தோட்டத்துப் பள்ளிக்கும் ஒரு நாள் போனோம். மாலையில் பெற்றோருக்காக ஒரு காட்சி. "தவழ்ந்து போவணும்மா, உங்க முட்டிக்கு ஆகாது, வராதீங்க" என்று முன்பே சொல்லியிருந்தேன். அவர்தான் இல்லையே, பெயரும் சொல்லவில்லையே என்ற தைரியத்தில் அங்கேயும் அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இருட்டில் ஒரு பெண் குரல், "அடியே, நம்ம வெளக்கு ஏத்துற அக்காவத்தான் சொல்றா!" என்றது. மறுபடியும் சிரித்தார்கள்.

விளக்கைப் போட்டேன். இருட்டான பிறகு உள்ளே வந்திருந்த அம்மா, கூடாரத்தின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி பட்ட இடத்தில் சேலையெல்லாம் தூசி. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பால்மரக் காட்டில் வேலை வாங்கும் மண்டோர் ஏசும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு அது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

"நல்லா பேசுன. எல்லாரும் சிரிச்சாங்க," என்றார். மறுபடி தவழ்ந்து வெளியே போனார்.

அந்த வாரச் சனிக்கிழமையே தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மா இன்னிக்குக் கோயிலுக்குப் போவல. கேட்டா முட்டி வலின்னு சொல்றாங்க."

அடுத்த சனிக்கிழமை நல்லெண்ணெயும் எள்ளும் வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். "வாங்கம்மா, கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம். நான் வெளக்கு ஏத்துறத நாலு பேரு பாத்தா உன்னத்தான சிரிப்பாங்க. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற புள்ள, அவ அம்மா இப்படியான்னு."

"சிரிச்சா சிரிக்கட்டும்மா. நான் பேசுனது தப்பு."

"தப்பு இல்ல. நீ படிச்சவ, சரியாத்தான் சொல்லியிருப்ப." பையிலிருந்த எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப உள்ள படுத்திருக்குற இவனுக்கு நான் வேற என்னதான் செய்யட்டும்? அதையும் சொல்லு."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அம்மா அடுப்பில் அந்த எண்ணெயைச் சூடாக்கி எடுத்து வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார், தம்பியின் காலைத் தன் மடிமேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.